நந்திக்கு ஒரு பிடி புல்: பக்தியும் மேய்ச்சல் தரையும்

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரர் ஆலயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஊரவர்கள் சொல்லாமல் விடாத கதை ஒன்று இருக்கிறது. போர்த்துக்கேயர் மட்டக்களப்பை ஆண்ட காலம். கோயில்களை இடித்துக்கொண்டு வந்த அவர்களின் தளபதி ஒருவன் தான்தோன்றீச்சரத்துக்குள்ளும் நுழைகிறான். சிவனைப் பார்த்தபடி படுத்திருக்கும் கல் நந்தியைக் காட்டி, இது புல் தின்னுமா என்று ஏளனமாகக் கேட்கிறான். பூசை செய்பவர் கலங்கிப்போய், ஒரு பிடி புல்லைப் பிடுங்கி வந்து நந்தியின் வாயருகே நீட்டுகிறார். கல் நந்தி எழுந்து புல்லைத் தின்கிறது. தின்றுவிட்டுச் சாணமும் போடுகிறது. தளபதி தன் ஆட்களோடு ஓடிவிடுகிறான். கோயில் தப்புகிறது.

போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். பத்து வருடங்களில், 1638இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றிவிட்டார்கள். அந்தக் குறுகிய காலத்தின் பயம் ஒரு கதையாகி, ஏறத்தாழ நானூறு வருடங்களாக வாய்வழி வந்துகொண்டிருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தச் சாணம்தான். மாடு வளர்க்காத ஒருவர் இந்தக் கதையைக் கட்டியிருந்தால் நந்தி புல் தின்றதோடு நிறுத்தியிருப்பார். ஒரு மாடு உயிரோடு, சுகமாக இருக்கிறதா என்று அறிய அதன் சாணத்தைப் பார்க்கிற பட்டிக்காரர்களின் கதை இது.

கொக்கட்டிச்சோலை என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் அங்கு நடந்த படுகொலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த ஊரிலும் அதைச் சூழ்ந்த படுவான்கரைக் கிராமங்களிலும் இந்த நந்திக் கதை இன்னும் சொல்லப்படுகிறது என்பதை அதனால்தான் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆயுதத்தோடு வந்தவன் முன்னால் ஒரு பிடி புல்லை நீட்டுவது ஏன் ஒரு பதிலாக இருக்க முடியும்? நந்திக்கு உணவு கொடுப்பது என்ற வழிபாட்டில் அப்படி என்ன இருக்கிறது? அதைத்தான் இங்கே விளங்கப்படுத்த முயல்கிறேன்.

வாயுறை என்ற அறம்

சிவன் கோயில்களில் நந்தி வாகனமும் காவலும் முதல் அடியாரும் ஆகும். மூலவரைப் பார்த்தபடி கண் இமைக்காமல் படுத்திருக்கிறது. அதனால்தான் நந்திக்கும் சிவலிங்கத்துக்கும் நடுவே குறுக்கே போகக்கூடாது என்று சிறுவயதிலேயே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். வளர்பிறையிலும் தேய்பிறையிலும் பதின்மூன்றாம் திதி வரும் மாலையில் நடக்கும் பிரதோஷ பூசையில் நந்திக்கே முதலிடம். பாலும் தயிரும் இளநீரும் அபிஷேகமாகின்றன. அருகம்புல் மாலை சாத்துகிறார்கள். ஊறவைத்த பச்சரிசியில் சர்க்கரை சேர்த்த காப்பரிசியை நிவேதனமாக வைக்கிறார்கள். புல்லும் அரிசியும் தேவர்களின் உணவாகச் சொல்லப்படுபவை அல்ல. மாட்டின் உணவு. கோயிலுக்குள் இருப்பது கல்லானாலும் அதன் பசி மாட்டின் பசி என்று வழிபாடு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

கல்லுக்குக் கொடுப்பதை உயிருள்ள மாட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்பதைத் தமிழ்ச் சைவம் மிகத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. திருமந்திரத்தில் திருமூலர், எவராலும் செய்யக்கூடிய எளிய அறங்கள் சிலவற்றை வரிசைப்படுத்துகிறார். கடவுளுக்கு ஓர் இலை இட்டு வணங்குவது, பசுவுக்கு வாயுறை கொடுப்பது, தான் உண்ணும்போது ஒரு கைப்பிடியைப் பிறருக்கு ஒதுக்குவது, மற்றவரிடம் இனிமையாகப் பேசுவது. வாயுறை என்றால் ஒரு வாய்க்கு உரிய உணவு. ஒரு பிடி புல். பணம் வேண்டாம், ஐயர் வேண்டாம், நல்ல நேரம் பார்க்க வேண்டாம். காணியும் வீடும் இல்லாதவர்கூட வழியோரம் ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் கொடுக்கலாம். இந்த அறத்தில் ஏழை என்று எவரும் இல்லை.

இன்னொரு அடுக்கும் இருக்கிறது. பாகவத புராணத்தில் அறம் ஓர் எருதின் உருவில் வருகிறது. தவம், தூய்மை, இரக்கம், வாய்மை என்பன அதன் நான்கு கால்கள். யுகங்கள் மாற மாற ஒவ்வொரு காலாக இழந்து, கலியுகத்தில் அது ஒற்றைக் காலில் நிற்கிறது. எருதுக்கு உணவு கொடுப்பவர், விழுந்துவிடாமல் அறத்தைத் தாங்கிப் பிடிக்கிறார் என்று கதாப்பிரசங்கம் செய்பவர்கள் விரித்துச் சொல்வார்கள்.

நம் ஊர்களில் அது எப்படி இருந்தது

நந்தி இந்த மண்ணுக்குப் பழக்கமான உரு. யாழ்ப்பாண அரசர்களின் கொடியில் நந்தி இருந்தது. ‘சேது’ என்று பொறித்த அவர்களின் காசுகளிலும் படுத்திருக்கும் நந்தியைப் பார்க்கலாம். இன்றும் சிவராத்திரிக்கும் திருவிழாக்களுக்கும் நந்திக்கொடி ஏற்றுகிறோம்.

ஆனால் கொடியையும் காசையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது ஆவுரஞ்சிக்கல். யாழ்ப்பாணத்தின் பழைய வீதிகளில் மடங்களுக்கும் கேணிகளுக்கும் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். போகிற வருகிற மாடுகள் தினவு தீர உரஞ்சிக்கொள்வதற்காக நட்ட கல் அது. அருகில் மாடு தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. மனிதனுக்குச் சுமைதாங்கியும் மடமும். மாட்டுக்குத் தொட்டியும் கல்லும். யாருடைய மாடு என்று கேட்காத தருமம் இது. புல் கொடுப்பதோடு அந்தப் பக்தி நின்றுவிடவில்லை. ஒரு மிருகத்துக்கு என்னென்ன தேவை என்று யோசித்து, அதற்குப் பொது வீதியிலேயே இடம் ஒதுக்கியது.

கோயிலுக்கு நேர்ந்துவிடும் நாம்பன் இன்னொரு வழக்கம். நோய் தீர்ந்தால், பிள்ளை பிறந்தால், பட்டியில் மாடு பெருகினால் ஒரு கன்றைக் கோயிலுக்குக் கொடுப்பதாக நேர்கிறார்கள். நேர்ந்துவிட்ட நாம்பனை எவரும் கட்டுவதில்லை, வண்டிலில் பூட்டுவதில்லை, இறைச்சிக்கு விற்பதில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தாலும் வைதுவிட்டு விரட்டுவார்கள், அடிக்கமாட்டார்கள். அது வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் கஞ்சித்தண்ணி, இன்னொரு வீட்டில் வாழைப்பழத் தோல், மற்றொன்றில் தவிடு. பக்தியின் கணக்கு ஒரு பக்கம் இருக்க, இதில் ஊரின் கணக்கும் இருந்தது. சொந்தமாக நாம்பன் வைத்துத் தீனி போட வசதியில்லாத ஏழை வீட்டுப் பசுவும் இந்தக் கோயில் நாம்பனால்தான் சினைப்பட்டது. ஊரே தீனி போட்டது. ஊருக்கே கன்று கிடைத்தது.

இறந்தவர் பெயரால் எருது விடும் சடங்கும் நம் மரபில் உண்டு. விருஷோற்சர்க்கம் என்று அதற்குப் பெயர். அமாவாசை நாட்களில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பதும் முன்னோரை நினைத்துத்தான். என் பெரியம்மா தன் வாசலுக்கு வரும் மாடுகளுக்கு நாள் தவறாமல் ஏதாவது கொடுப்பார். அமாவாசையன்று மட்டும் கொடுக்கமாட்டார். அவரின் மகன் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர். அமாவாசையில் கொடுத்தால் அவனைச் செத்தவர்களின் கணக்கில் சேர்த்ததாகிவிடும் என்பது பெரியம்மாவின் நினைப்பு. ஒரு பிடி கீரையை எந்த நாளில் கொடுப்பது, எந்த நாளில் கொடுக்காமல் விடுவது என்பதில்கூட ஒரு தாயின் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

கயிறை அவிழ்த்துவிட்ட நாள்

படுவான்கரையில் மாடுதான் சேமிப்பு. வங்கிக் கணக்கு இல்லாத வீடுகளிலும் பட்டி இருந்தது. ஒவ்வொரு குடிக்கும் தனித்தனிக் குறி இருந்ததால், குறிசுட்ட மாடு காட்டுக்குள் எங்கே நின்றாலும் யாருடையது என்று தெரியும். கன்று ஈன்ற பின் முதற் பால் தெய்வத்துக்கு. பட்டியையும் பட்டிக்காரரையும் காக்கும் வதனமாருக்குச் சடங்கு செய்வார்கள். பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பொங்கலை முதலில் அதன் வாயில் ஊட்டிய பிறகுதான் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

2007 மார்ச்சில் படுவான்கரை இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. ஷெல் சத்தம் நெருங்க நெருங்க, எடுத்தது எடுத்தபடி வாவியைக் கடந்து வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கிளம்புவதற்கு முன் அம்மம்மா செய்த கடைசி வேலை, கொட்டிலில் நின்ற மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, மிச்சம் இருந்த தவிட்டையெல்லாம் முற்றத்தில் கொட்டியதுதான். எங்களுக்கு அன்று சோறு இருக்கவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் பலர் இதையே செய்திருப்பீர்கள். வன்னியில் 2008இலும் 2009இலும் ஒவ்வோர் ஊராக விட்டு நகர்ந்தவர்கள், அதற்கு முன் 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள், வாகரையில் இருந்து நடந்தவர்கள் என்று எல்லாரின் கதையிலும் ஒரு கயிறு அவிழ்க்கப்படுகிறது. கட்டியபடி விட்டால் பட்டினியில் சாகும். அவிழ்த்துவிட்டால் எங்காவது ஒரு பிடி புல்லைக் கண்டுகொள்ளும் என்பதுதான் நினைப்பு. நாம் மாட்டுக்குக் கொடுத்த வாயுறைகளிலேயே அதுதான் பெரியது என்று நான் நினைக்கிறேன். அதற்கு மணியும் அடிக்கவில்லை, தீபமும் காட்டவில்லை.

திரும்பி வந்தபோது சிலருக்குச் சில மாடுகள் கிடைத்தன. குறி பார்த்து அடையாளம் கண்டார்கள். பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. இழந்த வீட்டுக்கு ஒரு திட்டம் வந்தது; இழந்த பட்டிக்கு அப்படிக் கணக்கெடுத்து ஈடு கிடைத்தவர்களை நான் கண்டதில்லை. கன்று ஒன்று, பசு ஒன்று என்று கடன்பட்டு மறுபடியும் தொடங்கியவர்களே அதிகம்.

கொடுப்பதிலும் அறிவு வேண்டும்

பக்தியோடு கொடுப்பதெல்லாம் மாட்டுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரை மெல்ல மெல்ல நொதிக்கச் செய்து உணவாக்குகின்றன. பழக்கமில்லாத மாட்டுக்குச் சோறோ பொங்கலோ அரிசியோ ஒரேயடியாக நிறையப் போட்டால், அந்த அறையில் அமிலம் திடீரென்று கூடிவிடும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு ஊதும், தள்ளாடும், சில வேளை செத்தும் போகும். பட்டிப் பொங்கலுக்கும் அன்னதான நாட்களுக்கும் பிறகு கால்நடை வைத்தியர்களைத் தேடி ஓடுவதற்கு இதுதான் காரணம். பொங்கல் ஒரு கை அளவு போதும். வயிற்றை நிரப்ப வேண்டியது புல்லும் வைக்கோலும்.

அதைவிடக் கொடியது பொலித்தீன். திருவிழா முடிந்த அடுத்த நாள் கோயில் வீதியைப் பாருங்கள். சோறு ஒட்டிய சொப்பிங் பைகளை மாடு பையோடு சேர்த்து விழுங்குகிறது. அது செரிக்காது, வெளியேறவும் செய்யாது. இரைப்பையில் சுருண்டு சுருண்டு அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்தது போல இருக்கும் மாடு பட்டினியில் மெலிந்து சாகும். உள்ளே நந்திக்கு அருகம்புல் மாலை, வெளியே நந்தியின் இனத்துக்குப் பொலித்தீன் என்றால் நம் வழிபாட்டில் எங்கோ இடறுகிறது.

திருமூலர் சொன்ன அளவும் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு வாய்தான். எல்லாரும் எல்லா நாளும் கொடுக்கிற ஒரு வாய். ஒரு நாள் மூட்டையாகக் கொட்டிவிட்டு வருடம் முழுக்க மறந்துவிடுவதை அவர் கேட்கவில்லை.

புல் எங்கே வளரும்?

இனித்தான் விடயத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டும் என்றால் அந்தப் புல் முளைக்க ஒரு தரை வேண்டும்.

மட்டக்களப்பில் வயலும் மாடும் ஒரே காணியை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஐப்பசி மழையோடு பெரும்போகம் தொடங்கி வட்டைகள் முழுவதும் நெல் விதைத்ததும், மாடுகள் அங்கே நிற்க முடியாது. பட்டிக்காரர்கள் அவற்றை மேற்கே, காட்டோரத்து மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்கிறார்கள். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் மாடுகள் திரும்பி வந்து அரிதாளை மேய்கின்றன. அவற்றின் சாணம் அடுத்த போகத்துக்கு எருவாகிறது. மாரியில் மாட்டுக்குப் போக்கிடம் இல்லையென்றால் ஒன்று மாடு பட்டினி கிடக்கும். அல்லது பயிருக்குள் இறங்கி, ஊருக்குள்ளேயே சண்டை மூளும். மேய்ச்சல் தரை இல்லாமல் பட்டி இல்லை.

அப்படியான தரைகளில் பெரியது மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மகாவலி வலயத்துக்குள் வரும் மயிலத்தமடு, மாதவனைப் பகுதி. தலைமுறைகளாக மாடு மேய்ந்த அந்த நிலத்தில் வெளி மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கியது 2020இற்குப் பிறகு தீவிரமடைந்தது. தங்கள் மாடுகள் சுடப்படுவதையும் வெட்டப்படுவதையும், மின்கம்பியிலும் வாய்வெடியிலும் சாவதையும் பண்ணையாளர்கள் திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். மேய்க்கப் போனவர்களும் தாக்கப்பட்டார்கள். கடைசியில் 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில் வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். அந்த நிலத்தை மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் அறிவியுங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. ஒரு வருடம் கடந்தும் அந்த அறவழிப் போராட்டம் நீடித்தது.

இதே 2020 செப்டெம்பரில்தான் மாடறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு அன்றைய அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. மாட்டின் உயிர் புனிதமானது என்று கொழும்பில் சொல்லப்பட்ட அதே காலத்தில், மாடு உயிரோடு இருக்கத் தேவையான தரை கிழக்கில் பறிபோய்க்கொண்டிருந்தது. மாட்டுப் பக்தி அயலவரான முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சாகச் சுருங்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு இது உதாரணம். நம் மத்தியிலும் அந்தப் பேச்சு உண்டு. ஆனால் மட்டக்களப்பில் முஸ்லிம் குடும்பங்களும் பட்டி வைத்திருக்கின்றன. தரை போனால் அவர்களின் மாடும் எங்களின் மாடும் ஒன்றாகத்தான் பட்டினி கிடக்கும்.

மணியின் கயிறு

மகாவம்சத்தில் எல்லாளனைப் பற்றி ஒரு கதை வருகிறது. 44 வருடங்கள் அநுராதபுரத்தில் இருந்து ஆண்ட அந்தத் தமிழ் மன்னன், நீதி கேட்டு வருபவர்களுக்காகத் தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி, அதன் கயிற்றை வெளியே தொங்கவிட்டிருந்தான். அவனுடைய மகனின் தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று நசுங்கிச் சாக, தாய்ப்பசு வந்து அந்த மணியை அடித்தது. அரசன் தன் மகனுக்கு அதே தண்டனையைக் கொடுத்தான். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையாகப் பெரியபுராணத்தில் நாம் படிப்பதும் ஏறக்குறைய இதுதான். சிங்கள மக்கள் தங்கள் வரலாறாகப் போற்றும் நூல், தான் எதிரியாகக் காட்டும் ஒரு மன்னனின் பெருமையைச் சொல்ல ஒரு பசுவின் முறைப்பாட்டைத் தெரிவுசெய்திருக்கிறது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மாட்டுக்கு நீதி என்பது இந்தத் தீவில் இரண்டு இனங்களுக்கும் விளங்கும் பாஷை. சித்தாண்டியில் உட்கார்ந்தவர்கள் இழுத்ததும் அந்தக் கயிற்றைத்தான். படுக்கையில் இருந்து எழும்ப ஆள் இருக்கவில்லை.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேய்ச்சல் தரைகளை அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானியில் அறிவிக்கும் அதிகாரம் அதனிடமே இருக்கிறது. ஆனால் நம் கையில் இருப்பதும் கொஞ்சம் அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் பல கோயில்களுக்குச் சொந்தக் காணிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு துண்டைப் புல்லுக்கு விடலாம். மதில் கட்டும்போது வெளிப்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும் இடம் வைக்கலாம். உடைந்து கிடக்கும் ஆவுரஞ்சிக்கல்லை வீதி அகலிக்கும்போது பிடுங்கி எறியாமல் ஓரமாக நட்டுவிடலாம். திருவிழா உபயம் செய்யும் குடும்பங்கள், புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து பணம் அனுப்புகிறவர்கள், ஒரு நாள் உபயத்தை வரட்சிக் காலத்து வைக்கோலுக்கு மாற்றலாம். நிர்வாக சபைகள் பொலித்தீனை வாசலிலேயே மறிக்கலாம். பிரதோஷத்துக்கு நந்தியின் முன் நிற்கும் நூறு பேரில் பத்துப் பேராவது பண்ணையாளர்களின் பக்கத்திலும் போய் நின்றால், அந்தப் பூசைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

ஒவ்வோர் ஐப்பசியிலும் மழை விழுந்ததும் மட்டக்களப்பின் பட்டிகள் மேற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. மாட்டுக்கு எல்லை தெரியாது. போன வருடம் புல் இருந்த இடத்துக்கே அது போகும். அங்கே புல் இருக்குமா, வெடி இருக்குமா என்பதுதான் பட்டிக்காரரின் பயம். நந்திக்கு நாம் கொடுக்கும் வாயுறை அந்தத் தரையில்தான் முளைக்க வேண்டும்.